சென்ட்டா, கிரவுண்டா, குழியா, ஏரா? நிலத்தை எந்த அளவில் பேசுவது, எந்த அளவில் எழுதுவது

பட்டாவைத் திறந்தால் ஹெக்டேர், ஏர். தாய்ப்பத்திரத்தில் ஏக்கர், சென்ட். புரோக்கர் பேசுவது கிரவுண்டில். டெல்டாப் பக்கத்துப் பூர்வீகச் சொத்து என்றால் பெரியப்பா மா, குழி என்று ஆரம்பிப்பார். எல்லோரும் சொல்வது ஒரே வயலைத்தான். ஆனால் முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் எழுத உட்காரும்போது இதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். "எந்தக் கணக்கில் எழுதினால் பிற்பாடு வம்பு வராது?" என்று கேட்டு எழுதும் வாசகர்கள் பலர்.

"எல்லாம் ஒன்றுதான், பெருக்கினால் வந்துவிடும்" என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் பதில். வரும்தான். எந்த எண்ணால் பெருக்குவது, யார் பெருக்குவது என்பதில்தான் பணம் கரைகிறது. அதனால் நான்கு முறைகளையும் தனித்தனியாக எடுத்து, எது எங்கே உதவும், எது எங்கே கவிழ்க்கும் என்று பார்க்கலாம்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி, அந்த அளவு ஊருக்கு ஊர் மாறாமல் நிற்கிறதா என்பது. இரண்டாவது, பட்டா, புலப்படம் (நிலத்தின் எல்லையையும் பக்க நீளத்தையும் காட்டும் சர்வே வரைபடம்) போன்ற அரசுப் பதிவேடுகளோடு அப்படியே ஒப்பிட முடிகிறதா. மூன்றாவது, டேப் பிடித்து நாமே சரிபார்க்க முடிகிறதா. நான்காவது, விலை பேசும்போது அக்கம்பக்கத்து விலையோடு உடனே ஒத்துப் பார்க்க முடிகிறதா. கடைசியாக, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது எவ்வளவு சிந்துகிறது. விலைப்பட்டியலில் வராத செலவு இதுதான்.

இவற்றில் முதல் கேள்விக்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். மற்றவற்றில் குறை இருந்தால் கணக்குப் போட்டுச் சரிசெய்துகொள்ளலாம். அளவே ஆளுக்கு ஆள் மாறினால் கணக்கு எதற்கும் உதவாது.

## இத்தனை அளவுகள் எப்படி வந்தன

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகத் தோன்றலாம். தாண்ட வேண்டாம். எந்த அளவை நம்பலாம் என்ற கேள்விக்குப் பாதி விடை இங்கேதான் இருக்கிறது.

சோழர் காலத்தில் நிலத்தைக் கோலால் அளந்தார்கள். கோல் ஒன்றே ஒன்று அல்ல. பன்னிரண்டு அடிக்கோல், பதினாறு அடிக்கோல், பதினெட்டு அடிக்கோல் என்று கல்வெட்டுகளில் பல கோல்கள் வருகின்றன. எந்தக் கோலால் அளந்தது என்று சொல்லாவிட்டால் பரப்புக்குப் பொருளே இல்லை. முதலாம் இராசராசன் கி.பி. 1000-ஐ ஒட்டி நாடு முழுவதையும் அளக்க வைத்தான். முதலாம் குலோத்துங்கன் 1086-இல் மறுபடியும் அளக்க வைத்தான். அந்த அளவைக் கணக்கு எவ்வளவு நுட்பமானது என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் சாட்சி. வேலி என்ற பெரிய நில அளவில் 5,242 கோடியில் ஒரு பங்கு வரை பின்னம் போகிறது. முந்திரி என்ற 1/320-ஐயும் தாண்டி, அதற்குள் இன்னொரு 1/320, அதற்குள் இன்னொன்று என்று வரிக்கணக்கு எழுதியிருக்கிறார்கள்.

கணக்கு நுட்பமாக இருந்தால் மட்டும் போதாது, கோல் நேர்மையாகவும் இருக்க வேண்டும். அதற்கு அன்றைக்குக் கண்ட வழி எளிமையானது. கோலின் நீளத்தைக் கோயில் சுவரிலோ அடித்தளக் கல்லிலோ கோடாக வெட்டி, இரு முனைகளிலும் குறி வைத்தார்கள். தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றில் இன்றும் அந்தக் கோடுகளைப் பார்க்கலாம். அளப்பவன் கொண்டுவரும் கோலில் சந்தேகம் வந்தால் அந்தக் கல்லோடு வைத்துப் பார்க்கலாம். விற்பவன் கையிலும் இல்லாமல், வாங்குபவன் கையிலும் இல்லாமல், வரி வாங்குபவன் கையிலும் இல்லாமல் பொதுவிடத்தில் நின்ற அளவு அது.

பிரெஞ்சுப் புரட்சிக்கு முந்தைய பிரான்சிலும் இதே சிக்கல்தான். ஒரே பெயர், ஊருக்கு ஊர் வேறு அளவு. 1795-இல் அங்கே போட்ட சட்டம் மீட்டர், லிட்டர், கிராம் ஆகியவற்றோடு நிலத்துக்கென்றே ஏர் என்ற அளவையும் வரையறுத்தது. பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர், அதாவது 100 சதுர மீட்டர். மக்கள் பழகுவதற்காக 1796, 1797-இல் பாரிஸ் நகரில் 16 இடங்களில் சுவரில் பளிங்கு மீட்டர் பதித்தார்கள். வோஜிரார் தெருவில் அதில் ஒன்று வைத்த இடத்திலேயே இன்றும் இருக்கிறது. கோயில் கல்லில் வெட்டிய கோலுக்கும் இதற்கும் நோக்கம் ஒன்றே.

நம் பட்டாவில் இருக்கும் ஏர் அந்த 1795-இன் ஏர்தான். சென்ட் வந்த வழி வேறு. எட்மண்ட் கண்டர் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1620-ஐ ஒட்டி வகுத்த அளவுச் சங்கிலி 66 அடி நீளம், அதில் 100 கண்ணிகள். பத்து சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். அப்படியானால் ஒரு ஏக்கரில் ஒரு லட்சம் சதுரக் கண்ணிகள், அதில் நூறில் ஒரு பங்கான சென்ட்டுக்கு ஆயிரம் சதுரக் கண்ணிகள். 435.6 என்ற விசித்திரமான எண் வந்தது இதனால்தான். சங்கிலிக் கணக்கில் முழு எண்ணாக இருந்தது, சதுர அடிக்கு மாற்றியதும் உடைந்துவிட்டது.

இந்தியா 1956-இல் அளவைத் தரச் சட்டம் கொண்டுவந்து, 1958 அக்டோபரிலிருந்து படிப்படியாக மெட்ரிக் முறைக்கு மாறியது. கடைத்தெருவில் வீசையும் பலமும் மறைந்தே போயின. நிலத்தில் மட்டும் பழையதும் புதியதும் சேர்ந்தே நிற்கின்றன, ஏனென்றால் நிலத்தின் தாய்ப்பத்திரத்தை யாரும் தூக்கிப் போடுவதில்லை.

## குழி, மா, வேலி, காணி

டெல்டாவில் இன்றைக்கும் உயிரோடு இருக்கும் கணக்கு இது. 12 அடிக்கு 12 அடி ஒரு குழி, அதாவது 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. நடவுக்கூலி மாவுக்கு இவ்வளவு, மாவுக்கு இத்தனை மூட்டை கண்டது, குத்தகை மாவுக்கு இவ்வளவு என்றுதான் பேச்சு போகும். விவசாயியின் மனத்தில் விதையும் உழைப்பும் விளைச்சலும் மாவோடு ஒட்டியிருக்கின்றன. அந்த வசதியை ஹெக்டேர் கொடுக்காது.

சிக்கல் முதல் கேள்வியிலேயே வருகிறது. செங்கல்பட்டுப் பக்கத்துக் காணிக் கணக்கில் குழி 24 அடிக்கு 24 அடி, அதாவது 576 சதுர அடி. தஞ்சாவூர்க் குழியைப் போல் சரியாக நாலு மடங்கு. அங்கே நூறு குழி ஒரு காணி, 57,600 சதுர அடி. "நூறு குழி நிலம்" என்று பத்திரத்தில் எழுதியிருந்தால் அது 33 சென்ட்டாகவும் இருக்கலாம், 132 சென்ட்டாகவும் இருக்கலாம். குழி என்பது ஒரு கோல் சதுரம், கோல் மாறினால் குழி மாறும். கோயில் கல்லில் கோலை வெட்டி வைத்த காரணமும் இதுவே.

இரண்டாவது சிந்தல் ஏக்கருக்கு மாற்றும்போது. மூன்று மா ஒரு ஏக்கர் என்பது ஊர்வழக்கு. மூன்று மா 43,200 சதுர அடி, ஏக்கர் 43,560. ஏக்கருக்கு 360 சதுர அடி குறைகிறது. சின்ன வித்தியாசம்தானே என்று தோன்றும். இதையே வேலிக்குக் கொண்டுபோய், இருபது மா என்றால் ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு, 6⅔ ஏக்கர் என்று விலை போட்டால் 2,90,400 சதுர அடிக்குப் பணம் கொடுக்கிறோம். இருப்பது 2,88,000. வித்தியாசம் 2,400 சதுர அடி, அச்சாக ஒரு கிரவுண்ட். வேலியின் சரியான கணக்கு 6.61 ஏக்கர்.

எப்போது இது நல்ல தேர்வு? ஒரே ஊருக்குள், ஊர்க்காரர்களுக்கு இடையே, ஒரு போகம் இரண்டு போகம் குத்தகைக்கு விடும்போது. கூலி பேசும்போது. அப்போதும் குத்தகைச் சீட்டில் "1 குழி = 144 சதுர அடி" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கிரயத்துக்கு மட்டும் இந்த அளவு வேண்டவே வேண்டாம்.

இதே நிலைமை வேறு இடங்களிலும் உண்டு. வங்காளத்து பீகா 14,400 சதுர அடி, நம் மாவுக்கு அப்படியே சமம். பக்கத்து மாநிலங்களுக்குப் போனால் பீகா வேறு. யாழ்ப்பாணத்தில் ஒரு பரப்பு பத்து பேர்ச், ஏக்கருக்குப் பதினாறு பரப்பு. பேர்ச் 272.25 சதுர அடி.

## ஏக்கர், சென்ட்

ஏக்கர் எங்கே போனாலும் 43,560 சதுர அடி. சென்ட் 435.6. கன்னியாகுமரியிலும் கோயம்புத்தூரிலும் பாலக்காட்டிலும் இது மாறாது. அடி என்பதே 1959 முதல் 0.3048 மீட்டர் என்று உலக அளவில் நிலைநிறுத்தப்பட்டுவிட்டதால், சென்ட்டின் கீழேயும் இப்போது மீட்டர்தான் இருக்கிறது. ஆகவே சென்ட்டைப் பழைய அளவு என்று ஒதுக்க வேண்டியதில்லை. நம்பகமான அளவுதான்.

கிராமப்புற நிலத்துக்கு விலை பேச இதைவிட வசதியான அளவு கிடையாது. பக்கத்து நிலம் சென்ட் என்ன விலைக்குப் போனது என்று டீக்கடையில் விசாரித்தால் தெரிந்துவிடும். 1980-களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யுடிஆர் திட்டத்துக்கு முந்தைய தாய்ப்பத்திரங்களும் பெரும்பாலும் ஏக்கர், சென்ட்டில் இருப்பதால் வில்லங்கம் பார்க்கும்போது ஒத்துப்பார்க்கவும் எளிது.

குறை என்னவென்றால், சென்ட்டைத் தரையில் வைத்து அளக்க முடியாது. ஒரு சென்ட் நிலத்தின் பக்கம் எவ்வளவு? சதுரமாக இருந்தால் 20.87 அடி. டேப்பில் தேடினால் ஒரு முழு எண்ணும் அகப்படாது. அதனால் சென்ட்டில் சொல்லப்படும் பரப்பை எப்போதும் யாரோ ஒருவர் கணக்குப் போட்டுத்தான் சொல்கிறார். அந்தக் கணக்கை நாமும் போட்டுப் பார்க்க வேண்டும்.

பெரிய ஆபத்து பட்டாவைப் படிக்கும் இடத்தில். பட்டாவில் பரப்புப் பத்தியில் "0 - 40.50" என்று இருக்கும். ஹெக்டேர் பூஜ்யம், ஏர் நாற்பதரை. சென்ட்டில் பழகிய கண் இதை நாற்பதரை சென்ட் என்று படித்துவிடும். உண்மையில் அது 4,050 சதுர மீட்டர், ஒரு ஏக்கர். வாங்குபவர் இப்படிப் படித்தால் கிடைப்பது கூடுதல் நிலம் என்பதால் பிரச்சினை உடனே தெரியும். வயதான ஒரு பெண் தன் பங்கை விற்கும்போது பட்டாவை அவரிடம் சென்ட்டாகப் படித்துக் காட்டினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். பன்னிரண்டு ஏர் வைத்திருப்பவரிடம் "உங்களுக்குப் பன்னிரண்டு சென்ட் இருக்கு" என்று சொல்வது, முப்பது சென்ட்டைப் பன்னிரண்டாக்குவது. வீட்டில் யாராவது பாகம் பிரிக்கிறார்கள் என்றால் முதலில் சரிபார்க்க வேண்டியது இந்தப் பத்திதான்.

## கிரவுண்ட், சதுர அடி

கிரவுண்ட் 2,400 சதுர அடி. சென்னையைச் சுற்றியே அதிகம் புழங்கும். இதுவும் மேலே சொன்ன காணிக் கணக்கிலிருந்து வந்ததுதான். ஒரு காணிக்கு 24 மனை, 57,600-ஐ 24-ஆல் வகுத்தால் 2,400. அந்த மனையைத்தான் ஆங்கிலேயர் காலத்து மதராஸில் கிரவுண்ட் என்றார்கள். இன்றைக்கு வேறு எந்த அளவோடும் குழம்பாமல் நிலைத்துவிட்டது.

மனை வாங்க சதுர அடிதான் மிகச் சிறந்த அளவு. டேப் பிடித்தால் அடி, அங்குலம். பெருக்கினால் சதுர அடி. கட்டடச் செலவும் சதுர அடியில், வாடகையும் சதுர அடியில். மூன்றாவது, நான்காவது கேள்விகளில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஆனால் பக்கங்களைப் பெருக்குவது செவ்வகத்துக்கு மட்டும்தான் பொருந்தும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மனை சற்றே சாய்ந்திருந்தால் வழக்கமான முறை என்ன? எதிர்ப்பக்கங்களைக் கூட்டி இரண்டால் வகுத்து, வந்த இரண்டு சராசரிகளையும் பெருக்குவது. இந்த முறை செவ்வகம் அல்லாத எந்த நாற்கரத்துக்கும் உண்மையைவிடக் கூடுதலான பரப்பையே காட்டும். ஒருபோதும் குறைத்துக் காட்டாது. அதாவது பிழை எப்போதும் விற்பவர் பக்கமே சாயும்.

ஒரு கிரவுண்ட் மனையை எடுத்துக்கொள்வோம், 40-க்கு 60. நான்கு பக்கமும் டேப்பில் சரியாக வருகிறது. அப்புறம் மூலைக்கு மூலை குறுக்கே பிடியுங்கள். மனையின் மூலைகள் செங்கோணமாக இருந்தால் 72 அடி 1 அங்குலம் வர வேண்டும். 66 அடிதான் வருகிறது என்றால் மனை சாய்ந்திருக்கிறது, பரப்பு 2,400 அல்ல, ஏறத்தாழ 2,363. குறைவது 37 சதுர அடி. குறுக்கே 60 அடிதான் என்றால் குறைவது 137 சதுர அடி. நாலு பக்கத்தில் ஒன்றுகூட மாறவில்லை, பரப்பு மட்டும் மாறிவிட்டது. குறுக்களவு எடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.

இன்னொரு மறைமுகச் செலவு, விவசாய நிலத்தைச் சதுர அடியில் விலை பேசுவது. ஏக்கருக்குப் பதினெட்டு கிரவுண்ட் வரும் என்று கணக்குக் காட்டுவார்கள். 43,560-ஐ 2,400-ஆல் வகுத்தால் 18.15, கணக்கு சரிதான். ஆனால் அங்கீகாரம் வாங்கி மனை பிரித்தால் சாலைக்கும் பொது இடத்துக்கும் விட்டுக் கொடுத்த பிறகு மிஞ்சுவது அதைவிட நிறையவே குறைவு. முழு ஏக்கருக்கும் சதுர அடி விலை கொடுப்பவர், சாலையாகப் போகப்போகும் மண்ணுக்கும் மனை விலை கொடுக்கிறார். அடுக்குமாடி வீட்டில் சதுர அடியின் கதை வேறு. அங்கே அளவைவிட எதை அளக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. கார்ப்பெட் ஏரியா (வீட்டுக்குள் புழங்கும் தரைப்பரப்பு) எவ்வளவு, நிலத்தில் பிரிபடாத பங்கு எவ்வளவு என்று இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

## ஹெக்டேர், ஏர், சதுர மீட்டர்

பேச்சில் யாரும் விரும்பாத அளவு. "எத்தனை ஏர் வச்சிருக்கீங்க" என்று எந்த ஊரிலும் கேட்க மாட்டார்கள். ஆனால் பட்டாவும் புலப்படமும் பேசுவது இந்த மொழியைத்தான். இப்போதைய புலப்படத்தில் எல்லைக் கோடுகளின் நீளம் மீட்டரில் இருக்கும். சர்வேயர் கல் நடுவதும் அந்த மீட்டரை வைத்துத்தான். நம் ஒப்பந்தமும் மீட்டரில் இருந்தால் இடையில் பெருக்கல், வகுத்தல் எதுவும் இல்லை. அரசு எழுதிய எண்ணையும் நாம் எழுதிய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.

மாற்றுவதும் இந்த முறைக்குள் சுலபம். ஏர் எண்ணை நூறால் பெருக்கினால் சதுர மீட்டர். நூறு ஏர் ஒரு ஹெக்டேர். புதுச்சேரிப் பதிவேடுகளில் ஹெக்டேர், ஏர் தவிர மூன்றாவதாகச் சென்டியர் என்று ஒரு பத்தியும் வரும். ஒரு சென்டியர் ஒரே ஒரு சதுர மீட்டர்தான். அதைச் சென்ட் என்று படித்துவிட்டால் நாற்பது மடங்கு பிசகும்.

இதற்கும் செலவு உண்டு. பல பட்டாக்களில் ஏர் எண்ணிக்கை 12.00, 12.50, 13.00 என்று அரை அரையாகத்தான் ஏறும். அரை ஏர் என்பது 50 சதுர மீட்டர், ஒன்றேகால் சென்ட். ஒரு ஏக்கர் வயலில் இது பெரிதாகத் தெரியாது. ஐந்து சென்ட் துண்டில் தெரியும். அதனால் சிறிய உட்பிரிவுகளுக்குப் பட்டாவின் பரப்பை மட்டும் நம்பாமல், புலப்படத்தில் உள்ள பக்க நீளங்களை வைத்துப் பரப்பைக் கணக்கிடுவதுதான் சரி. மனை வரைபடத்தில் மீட்டரை ஒரு தசம இடத்தோடு நிறுத்துவதும் இதே வகைதான். 30-க்கு 40 அடி மனையை 9.1 மீட்டருக்கு 12.2 மீட்டர் என்று எழுதினால் 1,200 சதுர அடி 1,195 ஆகிவிடும். சதுர அடி 5,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 25,000 ரூபாய். 9.14, 12.19 என்று இரண்டு தசமம் எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்று, ஹெக்டேருக்கு இரண்டரை ஏக்கர் என்ற வாய்க்கணக்கு. உண்மை 2.471. ஒரு ஹெக்டேருக்கு 1,261 சதுர அடி பிசகு, அரை கிரவுண்டுக்கு மேல்.

## ஒரே பார்வையில்

| அளவு | சதுர அடி | சதுர மீட்டர் | ஊருக்கு ஊர் மாறுமா | பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|
| குழி (தஞ்சாவூர்) | 144 | 13.38 | மாறும் | குத்தகை, கூலி |
| குழி (செங்கல்பட்டுக் காணிக் கணக்கு) | 576 | 53.51 | மாறும் | பழைய பத்திரம் படிக்க மட்டும் |
| மா (தஞ்சாவூர்) | 14,400 | 1,337.8 | மாறும் | விளைச்சல், குத்தகை |
| வேலி (தஞ்சாவூர்) | 2,88,000 | 26,756 | மாறும் | பழைய பத்திரம் படிக்க |
| சென்ட் | 435.6 | 40.47 | மாறாது | கிராம நிலத்தின் விலைப்பேச்சு |
| ஏக்கர் | 43,560 | 4,046.86 | மாறாது | விவசாய நிலம், தாய்ப்பத்திரம் |
| கிரவுண்ட் | 2,400 | 222.97 | மாறாது | சென்னை மனை |
| ஏர் | 1,076.4 | 100 | மாறாது | பட்டா, கிரயப் பத்திரம் |
| ஹெக்டேர் | 1,07,639 | 10,000 | மாறாது | பட்டா, பெரிய நிலம் |

அட்டவணையை எப்படிப் பயன்படுத்துவது என்பதும் முக்கியம். ஓர் அளவிலிருந்து இன்னொன்றுக்குப் படிப்படியாகத் தாவக் கூடாது. பட்டாவில் 0 - 22.00 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாய்க்கணக்கில் ஏருக்கு இரண்டரை சென்ட், 55 சென்ட். கிரவுண்டுக்கு ஐந்தரை சென்ட், ஆகவே பத்து கிரவுண்ட். முழு எண்ணாக அழகாக வந்துவிட்டது. நேராகக் கணக்குப் போட்டால் 2,200 சதுர மீட்டர், 10.764-ஆல் பெருக்கினால் 23,681 சதுர அடி. பத்து கிரவுண்டுக்கு 319 சதுர அடி குறைவு. சதுர அடி 1,000 ரூபாய் என்றாலும் மூன்று லட்சத்துக்கு மேல். எப்போதும் சதுர மீட்டருக்குப் போய், அங்கிருந்து ஒரே தாவலில் வேண்டிய அளவுக்கு வாருங்கள்.

## சரி, எதைத் தேர்ந்தெடுப்பது

டெல்டாவில் குத்தகைக்கு விடுகிறீர்கள், இரு தரப்பும் ஊர்க்காரர்கள்: மாவிலேயே பேசுங்கள், குழிக்கு எத்தனை சதுர அடி என்று எழுதிக்கொள்ளுங்கள்.

கிராமத்தில் விவசாய நிலம் வாங்குகிறீர்கள்: விலை சென்ட்டில், எழுத்து சதுர மீட்டரில். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள். "அளந்து வருவதற்கு விலை" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால், அளவு குறையும்போது விலையும் தானாகக் குறையும்.

சென்னையிலோ வேறு நகரத்திலோ மனை: சதுர அடியில் பேசி, குறுக்களவோடு சரிபார்த்து, பத்திரத்தில் சதுர மீட்டரையும் சதுர அடியையும் சேர்த்து எழுதுங்கள்.

அண்ணன் தம்பி, அக்கா தங்கைக்குள் பாகப்பிரிவினை: இங்கே நான் மீட்டரைத் தவிர வேறு எதையும் பரிந்துரைக்க மாட்டேன். விலை பேசுவதே இல்லாததால் நான்காவது கேள்வி இங்கே எழவில்லை. ஆளாளுக்கு ஒரு கணக்கைச் சொல்லிப் பிற்பாடு முகம் பார்க்காமல் போவதைத் தவிர்க்க, எல்லோரும் சேர்ந்து நின்று டேப் பிடித்து, ஒவ்வொரு பங்கின் பக்க நீளத்தையும் மீட்டரில் எழுதிக் கையெழுத்துப் போடலாம். வெளியூரில் இருக்கும் தங்கையும் அந்த எண்ணைப் புலப்படத்தோடு வைத்துத் தானே பார்த்துக்கொள்ள முடியும்.

பத்திரத்தில் பரப்பு ஒன்று சொல்லி, செக்குபந்தி (நான்கு எல்லை விவரம்) வேறொன்றைக் காட்டினால், நீதிமன்றங்கள் பொதுவாக எல்லைக்கே முதலிடம் தருகின்றன. அதனால் எந்த அளவைத் தேர்ந்தெடுத்தாலும், சொத்து விவரத்தில் நான்கு எல்லையும் பக்க நீளமும் இல்லாமல் வெறும் பரப்பை மட்டும் எழுத விடாதீர்கள். பன்னிரண்டு ஏர் கொண்ட ஒரு செவ்வக நிலத்துக்கு நான் எழுதச் சொல்வது இப்படி:

"கிழமேல் வடபுறம் 30.00 மீட்டர், கிழமேல் தென்புறம் 30.00 மீட்டர், தென்வடல் கீழ்புறம் 40.00 மீட்டர், தென்வடல் மேல்புறம் 40.00 மீட்டர், தென்மேற்கு மூலையிலிருந்து வடகிழக்கு மூலைக்குக் குறுக்களவு 50.00 மீட்டர், ஆகப் பரப்பு 1,200 சதுர மீட்டர், அதாவது 0 ஹெக்டேர் 12.00 ஏர், 29.65 சென்ட்."

குறுக்களவைப் பத்திரத்தில் எழுதும் பழக்கம் குறைவு. பத்திர எழுத்தர் "அது வழக்கமில்லையே" என்று சொல்லக்கூடும். அந்த ஒரு வரியை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பக்கங்கள் நான்கும் சரியாக இருந்தும் நிலம் குறைவதைப் பிடிப்பது அது ஒன்றுதான்.